கொல்லையில் வைக்கத் தக்க மரம் எது? வேம்பும் மாவும்

கிராமங்களில் வீட்டுக்குப் பின்புறம் சிறிதேனும் கொல்லை இல்லாத குடியானவர் சிலரே. ஐந்து சென்ட் முதல் கால் ஏக்கர் வரையுள்ள இந்நிலத்தில் மாட்டுக் கொட்டிலுக்கும், எருக்குழிக்கும், வைக்கோற்போருக்கும் போக எஞ்சிய இடம் பெரும்பாலும் சீமைக்கருவேல் முளைப்பதற்கே விடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு மரமாவது வைக்க வேண்டும் என்னும் எண்ணம் உடைய அங்கத்தினர்கள், சங்கக் கூட்டம் முடிந்து கலையும் சமயத்தில், வேம்பு வைப்பதா, மா வைப்பதா என்று கேட்பதுண்டு. இக்கேள்வி அற்பமானதன்று. ஒரு வருஷம் விதைத்த நெல் ரகம் நிலத்துக்கு ஒவ்வாவிடில் மறுவருஷம் வேறு ரகம் விதைத்துக் கொள்ளலாம். மரமோ, தவறான இடத்தில் தவறாக வைக்கப்பட்டதென்பது பத்தாவது வருஷத்தில்தான் தெரியவரும். அதற்குள் செலவழிந்த தண்ணீரும், எருவும், எல்லாவற்றிலும் அருமையான காலமும் திரும்பி வாரா. ஆகையால் இவ்விரு மரங்களின் குணங்களையும், அவை நம்மிடம் கேட்பவற்றையும், திருப்பிக் கொடுப்பவற்றையும் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் தண்ணீர். வேம்பு மானாவாரி மரம். சரளை நிலத்திலும், கற்பாங்கான மேட்டிலும், வேறெதுவும் பிழைக்காத வறண்ட மண்ணிலும் அது வேர் விட்டு நிற்கும். அது பொறுக்காதது ஒன்றே ஒன்று; அடியில் நீர் தேங்கி நிற்றலை அது சகியாது. இளங்கன்றுக்கு முதல் கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் ஊற்றினால் போதும். அதன் பிறகு மழையே அதற்குக் கிணறு. மாவின் காரியம் வேறு. முற்றிய மாமரம் வறட்சியைத் தாங்குமாயினும், ஒட்டுக்கன்று வேரூன்றும் முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் கிடையாவிடில் பட்டுப் போகும். பட்டுப் போகாவிடினும் குன்றி நின்றுவிடும். காய் பிடித்த பிறகு முற்றும் வரையிலும் ஈரம் வேண்டும். சித்திரையில் குடிதண்ணீருக்கே அரை மைல் நடக்கிற ஊரில், வீட்டுப் பெண்கள் தலையில் சுமந்து வரும் குடத்தில் ஒன்றை மாங்கன்றுக்கு ஊற்றச் சொல்லுவது நியாயமாகாது. அப்படிப்பட்ட ஊரில் இக்கேள்விக்கே இடமில்லை; வேம்பு வைப்பதே தகும். குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் துலக்கும் தண்ணீரும் ஓடிவந்து சேரும் கொல்லையாயின் மாவைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அத்தண்ணீர் சேறாகத் தேங்காமல் சிறு வாய்க்கால் வழியாக மரத்தடியைச் சுற்றிப் பரவும்படி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். நல்ல ஒட்டு மாங்கன்று நான்கு அல்லது ஐந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். தோப்பு முறையில், பதினைந்தாவது வருஷத்துக்கு மேல், நன்கு பராமரித்த மரம் சராசரி 80 முதல் 100 கிலோ வரை காய்ப்பது உண்டு. வேம்பு மூன்று முதல் ஐந்து வருஷத்தில் பழம் காட்டி, பத்து வருஷத்தில் முழுப் பலனுக்கு வரும். முதிர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் உதிர்க்கும். எண்களை மட்டும் பார்த்தால் மாவே மேல் எனத் தோன்றும். ஆனால் மாமரத்தில் இந்த எண் எல்லா வருஷத்துக்கும் பொருந்துவதன்று. பல மா ரகங்களுக்கு ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓயும் இயல்பு உண்டு. அல்போன்சா என்னும் பெயர் பெற்ற ரகம் இவ்வகையில் முதன்மையானது. நீலமும், பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காயும் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் காய்ப்பவை. மல்கோவா உண்பதற்கு அருமையானது. காய்ப்பதில் மிகவும் கஞ்சத்தனம் உடையது. தன் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் என்று வைப்பவர் மல்கோவாவை வைக்கலாம். விற்று நாலு காசு பார்க்க விரும்புவோர் அதை நாடாதிருத்தல் நலம்.

மாவைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தையில் தித்திப்பான பழம் ஒன்றைத் தின்றுவிட்டு அதன் கொட்டையைக் கொல்லையில் ஊன்றி, அதே பழம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நம் நாட்டு மா ரகங்களிற் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே கருதான் உண்டு. அக்கரு தாய்மரத்தின் சூலும் அயல்மரத்தின் மகரந்தமும் கலந்து உண்டாகும். ஆதலால் முளைக்கும் கன்று தாயைப் போல் இருக்கும் என்பதற்கு எவ்வித நிச்சயமும் இல்லை. எட்டுப் பத்து வருஷம் காத்திருந்து, நாரும் புளிப்பும் மிகுந்த காயைக் கண்டு மரத்தை விறகுக்கு விற்றவர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். ஒட்டுக்கன்றையே, அதுவும் அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணையிலோ, தாய்மரத்தைக் கண்ணால் காட்டக்கூடிய நாற்றங்காலிலோதான் வாங்க வேண்டும். வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர் தரும் கன்றுக்கு அவர் சொல்லும் பெயரே சாட்சி. அவர் மறுநாள் வேறு ஊரில் இருப்பார். வேம்பில் இத்தொல்லை இல்லை. காக்கையும் மைனாவும் போட்டுச் செல்லும் விதையில் முளைத்த கன்றே போதுமானது.

மாவுக்கு ஏற்படும் இடையூறுகள் பல. தை, மாசியில் பூக்கும் சமயம் மூடுபனியும், அகால மழையும் பூவைக் கருக்கும். தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, அதன் கழிவு இலைமேல் தேன்போலப் படிந்து கரும்பூசணம் பிடிக்கும். சாம்பல் நோய் பூங்கொத்தை மாவு தூவினாற்போல் மூடும். பழுக்கும் தருணத்தில் பழ ஈ முட்டையிட்டுப் பழத்தினுள் புழு வைக்கும். தண்டு துளைப்பான் புழு அடிமரத்தைக் குடைந்து, வெளியே மரத்தூள் தள்ளிக்கொண்டிருக்கும். கவனியாவிட்டால் ஒரு கிளையோ முழு மரமோ போய்விடும். வேம்புக்குப் பீடையே இல்லை என்பதும் சரியன்று. அண்மை வருஷங்களில் மழைக்காலம் கழிந்ததும் பல ஜில்லாக்களில் வேப்பமரங்களின் நுனிக்கொப்புகள் தீயில் காட்டினாற்போலக் கருகி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். ஒருவகைப் பூசணமும், தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியும் இதற்குக் காரணங்கள். மரம் செத்துவிட்டதென்று எண்ணிப் பயந்து வெட்டிவிட்டோரும் உளர். அது வேண்டாத காரியம். பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் துளிர்க்கின்றன. கருகிய கொப்புகளை வெட்டிக் கொளுத்திவிட்டுப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

மரத்தின் பலன் கைக்கு வரும் வழி

மாமரத்தின் பலனில் குடியானவருக்கு உண்மையில் எவ்வளவு சேருகிறது என்பதே இப்பாடத்தின் முக்கிய அம்சம். தோப்புடையவர்களிற் பலர் காயை விற்பதில்லை, பூவை விற்கின்றனர். தை மாதத்தில் மரம் பூத்து நிற்பதைப் பார்த்து வியாபாரி ஒரு தொகையைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார். சில இடங்களில் இரண்டு மூன்று வருஷத்து மகசூலைச் சேர்த்தே பேசிவிடுவதும் உண்டு. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூ இருப்பினும் முடிவில் நிலைப்பவை ஒன்றிரண்டு காய்களே என்பது வியாபாரிக்குத் தெரியும். பனி, மழை, காற்று ஆகிய நஷ்டங்கள் அனைத்தையும் கணக்கிட்டு, அதற்குமேல் தம் இலாபத்தையும் கழித்துக்கொண்டுதான் அவர் விலை பேசுவார். அதில் அவர் பேரில் குற்றம் சொல்ல இயலாது. மகசூல் பொய்த்தால் நஷ்டம் அவருடையதே. ஆனால் தோப்புடையவர் ஏன் அந்த விலைக்கு இசைகிறார்? அவருக்குத் தை மாதத்தில் பணம் வேண்டியிருக்கிறது. பள்ளிச் சம்பளமோ, கல்யாணச் செலவோ, பழைய பாக்கியோ கழுத்தை நெரிக்கிறது. ஆகவே பூவை விற்பதென்பது பெயரளவில் வியாபாரம். உண்மையில் அது கடன். வட்டி எவ்வளவு என்று எழுதப்படாத கடன் என்பதால் எவரும் அதைக் கடனாகக் கருதுவதில்லை, அவ்வளவே.

இதனால் மரத்துக்கும் கேடு விளைகிறது. மகசூலை விற்றுவிட்டவர், இனி எரு போட்டால் இலாபம் வியாபாரிக்கே என்று சும்மா இருக்கிறார். மரம் தம்முடையதல்லவே என்று வியாபாரியும் எரு போடுவதில்லை. பூச்சி மருந்து மட்டும் தேவைக்கு மேல் அடிக்கிறார். இருவருக்கும் நடுவில் மரம் பட்டினி கிடக்கிறது. முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டத்தால் தடுக்கப்பட்ட செயலாயிருந்தும் அங்கங்கே நடப்பதற்கும் இந்த அவசரமே மூலம். எதிலீன் வாயுவைக் கொண்டு பழுக்க வைப்பது அனுமதிக்கப்பட்ட முறை. ஆனால் அதற்கும் காய் முற்றியிருக்க வேண்டும்.

கொல்லையில் ஒன்றிரண்டு மரம் உடையவர் இவ்விஷயத்தில் தோப்புடையவரைவிடப் பாக்கியசாலி. நூறு கிலோ காயை அவரே பறித்து, வைக்கோலில் பழுக்கவைத்து, உள்ளூரிலும் அடுத்த சந்தையிலும் விற்கலாம். முற்றியதைப் பறிக்கும்போது காம்புடன் பறித்து, பால் வடிந்து தோலைச் சுடாதபடி கவிழ்த்து வைத்தால் பழம் கறைபடாமல் இருக்கும். ஆடிக்காற்றில் உதிர்ந்த காய்கூட வீணாகாது. வடுவாகவும், ஊறுகாயாகவும், வற்றலாகவும் வருஷம் முழுவதும் வீட்டுக்கு ஆகும். ஒரே தெருவில் பத்துப் பேருக்கு ஒரே ரகத்து மரம் இருக்குமாயின் காயைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பி ஒரே விலைக்குப் பேசுவதும் கூடும். பத்துக் கொல்லையில் பத்து ரகம் இருந்தால் இது நடவாது. ஆகையால் கன்று வாங்குமுன் அண்டை வீட்டாரைக் கலந்துகொள்வது உத்தமம்.

கடன் வாங்கி மரம் வைக்க விரும்புவோர்க்கு ஒரு வார்த்தை. பயிர்க்கடன் என்பது அப்பயிர் அறுவடையானதும் திருப்பிச் செலுத்த வேண்டிய குறுகிய காலக் கடன். அதை வாங்கி மாங்கன்று நட்டால், கடனுக்குத் தவணை முதல் வருஷம் வரும். மரத்துக்குக் காய் ஐந்தாம் வருஷம் வரும். நடுவிலுள்ள நான்கு வருஷமும் வேறு எதையோ விற்றுத்தான் கட்ட வேண்டும். கடைசியில் முதல் பூவே வியாபாரி கைக்குப் போகும். ஏக்கர் கணக்கில் தோப்பு வைப்போர், பலன் வரும் காலத்துக்கு ஏற்றபடி தவணை வைத்த நீண்டகாலக் கடன் கிடைத்தாலொழிய இறங்கலாகாது. அப்போதும் முதல் நாலைந்து வருஷம் மர வரிசைகளின் நடுவே நிலக்கடலை, உளுந்து, காய்கறி முதலியவற்றை ஊடுபயிராகச் செய்து குடும்பச் செலவைச் சமாளிக்க வேண்டும். கொல்லையில் இரண்டு கன்று வைக்க எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

வேம்பின் வரும்படி

வேம்பின் பலன் பணமாக வருவது குறைவு. செலவாகாமல் நிற்கும் பணமாக வருவதே அதிகம். இதனாலேயே அதைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஐம்பது கிலோ பழத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோ விதையும், அதை ஆட்டினால் ஏறக்குறைய 6 கிலோ எண்ணெயும், மீதி பிண்ணாக்கும் கிடைக்கும். பிண்ணாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு தழைச்சத்து உண்டு. வேர்களைத் தாக்கும் நூற்புழுவையும் அது தடுக்கிறது. யூரியாவுடன் வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து போடும் பழைய வழக்கத்தின் பொருளை அரசாங்கமும் ஒப்புக்கொண்டு, 2015-ஆம் வருஷம் முதல் இந்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வரவேண்டும் என்று உத்தரவிட்டது. எண்ணெய் பூசிய யூரியா தன் சத்தை மெதுவாக வெளியிடுவதால் சத்து வீணாவது குறைகிறது.

பூச்சி மருந்துக்கென்று கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வேம்பு மிச்சப்படுத்தும். வெயிலில் அன்றி நிழலில் உலர்த்திய விதையை உடைத்து எடுத்த பருப்பு 5 கிலோவை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துக் கலந்தால் தெளிப்புக் கரைசல் ஆயத்தம். ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது 10 கிலோ பருப்பு, வேண்டும். மாலையில் தெளிக்க வேண்டும். கடும் வெயிலில் இதன் வீரியம் கெட்டுவிடும். பருப்பு எட்டுப் பத்து மாதத்துக்கு மேற்பட்டதாயின் பலன் குறையும். மழையில் நனைந்து பூசணம் பிடித்ததாயின் பலனே இல்லை. இக்கரைசல் பூச்சியை உடனே கொல்லுவதன்று. தின்ன விடாமலும் வளர விடாமலும் செய்யும். தெளித்த மறுநாள் செத்த புழுவைத் தேடிப் பார்த்து, இது வேலை செய்யவில்லை என்று கைவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மாவின் தத்துப்பூச்சிக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதுண்டு. ஒரு மரம் மற்றொரு மரத்துக்கு மருந்தாவதை இங்கே காணலாம்.

1959-ஆம் வருஷத்தில் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பச்சை யாவற்றையும் தின்று தீர்த்தபோது வேம்பை மட்டும் விட்டுச் சென்றதைக் கண்ட ஒரு ஜெர்மானிய விஞ்ஞானி இம்மரத்தின்மேல் ஆராய்ச்சி தொடங்கினார். 1968-இல் அதன் விதையிலிருந்து அஸாடிராக்டின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1994-இல் அமெரிக்க விவசாய இலாகாவும் அந்நாட்டுக் கம்பெனி ஒன்றும் வேப்பெண்ணெயால் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை பெற்றுவிட்டன. நம் நாட்டார் நெடுங்காலமாக அறிந்த விஷயத்துக்கு இவர்களுக்கு உரிமை ஏது என்று வழக்காடியதன்மேல் அக்காப்புரிமை 2000-இல் ரத்தாயிற்று. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பிற தேசத்தார் உரிமைப்பத்திரம் வாங்கத் துணிந்த பொருள், நம் தெருவில் ஆனி, ஆடி மாதங்களில் உதிர்ந்து காலில் மிதிபட்டுக் கிடக்கிறது.

இவையன்றி மரமும் உண்டு. வேம்பின் வைரத்தைச் செல் எளிதில் அரிப்பதில்லை. கதவு, நிலை, ஜன்னல், கலப்பை முதலியவற்றுக்கு இருபது வருஷத்துக்கு மேற்பட்ட மரம் உதவும். மாமரப் பலகை மலிவானது. பெட்டிக்கும் சாரத்துக்கும் ஆகுமேயன்றி நிலைக்கு ஆகாது. வேப்பந்தழை நெல்வயலுக்குத் தழையுரம். கோடையில் ஆட்டுக்குத் தீனி. உலர்ந்த இலை குதிருக்குள் நெல்லுக்குக் காவல். நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மக்காவுக்கு அருகேயுள்ள அரஃபாத் வெளியில் யாத்திரிகர்களுக்கு நிழலாகும்படி ஆயிரக்கணக்கில் நட்டு வளர்க்கப்பட்ட மரம் நமது வேம்பே. மாவின் நிழல் அடர்த்தியானது. அதன்கீழ்ப் புல்லும் முளைக்காது. வேம்பின் நிழலோ மெல்லியது. கொட்டிலும் உரலும் அதன் அடியில் இருக்கலாம்.

இடமும் நடுதலும்

மாமரத்துக்கு 30 அடி இடைவெளி வேண்டும். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. ஒரு மாவுக்கு 900 சதுர அடி போனால், கணக்குப்படி இரண்டு மரம் கொள்ளும். ஆனால் வீட்டுச் சுவரையும் கிணற்றையும் அண்டைக் கொல்லையையும் விட்டுப் பார்த்தால் மாவும் வேம்புமாக ஒவ்வொன்று வைப்பதே பொருத்தம். என் அபிப்பிராயத்தில், தண்ணீர் வசதி உள்ளவர் இவ்விரண்டையும் வைக்கலாம். வேம்பைக் கொல்லையின் மேற்கு அல்லது தென்மேற்கு எல்லையில், சுவருக்கு இருபது அடிக்குக் குறையாமல் தள்ளி வைத்தால், ஆனி, ஆடிக் காற்றின் வேகத்தை அது தடுக்கும். அந்தச் சமயத்தில்தான் நீலம் முதலிய பின்பருவ ரகங்கள் காயுடன் நிற்கும். மாவை அதற்குக் கிழக்கே 30 அடி தள்ளி, வெயில் நன்றாகப் படும்படி வைக்க வேண்டும். கிணற்றுக்கு நேர்மேலே இரண்டில் எதையும் வைக்கலாகாது. மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும் இலை முழுவதும் கிணற்றில்தான் விழும். ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்பதை வீட்டாருடன் கலந்து தீர்மானிக்கவும். உண்டென்றால் மா, சந்தேகமென்றால் வேம்பு. அரைமனதாக வைத்த மாவைவிட நன்றாக வளர்ந்த வேம்பு எத்தனையோ மேல்.

மாங்கன்றுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியைக் கோடையிலேயே தோண்டி ஆறப்போட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, முதல் மழைக்குப் பின் நடலாம். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே வெடிக்கும் துளிரை அவ்வப்போது கிள்ளாவிடில், நாம் வாங்கிய ரகம் மறைந்து அடிக்கன்றின் நாட்டுமரம் ஓங்கிவிடும். தொழுவுரம் முதல் வருஷம் 10 கிலோ, பிறகு வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏற்றி 50 கிலோ வரை கொடுக்கலாம். முதல் மூன்று வருஷம் பூக்கும் பூவைக் கிள்ளி எறிய வேண்டும். இதற்குப் பலருக்கு, விசேஷமாக வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு, மனம் வருவதில்லை. பூவைக் கிள்ளுவது அமங்கலம் என்றும் சொல்லுவர். சிறு மரம் காயைச் சுமந்தால் கிளை பரவாது என்று பொறுமையாக எடுத்துக்கூறி அவர்கள் கையாலேயே கிள்ளச் செய்வது நலம்.

வேம்புக்கு ஒன்றரை அடிக் குழி போதும். நாற்றங்காலுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கிச் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கடந்தால் முளைப்புத் திறன் பெரிதும் குறைந்துவிடும். ஐப்பசி மழையில் கோவில் மதிலோரம் தானாக முளைத்து நிற்கும் கன்றை வேர்மண்ணுடன் பெயர்த்தும் வைக்கலாம். எதை வைத்தாலும் சுற்றி முள்வேலி போட்டாக வேண்டும். கசக்கிறதே, ஆடு தொடாது என்று வேம்பை வேலியின்றி விட்டவர்களின் கன்று ஒன்றேனும் முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்ததை என் சுற்றுப்பயணங்களில் நான் கண்டதில்லை.